பேய் கேட்கும் கேள்வி

(பட்டிமன்றத் தலைப்பு: பேய்க்கதைத் தொகுப்புகளும் பேய்ப்படங்களும் தலைமுறை தலைமுறையாக நம்மைக் கவர்வது அச்சத்தாலா? அறத்தாலா? திருத்தணி மேடையில் ‘அறத்தாலே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரமாக எங்களைப் பயமுறுத்திப் பார்த்த நண்பர்களே! தணிகை மலை அடிவாரத்தில், இரவு 9 மணி தாண்டியும் பிள்ளைகுட்டிகளோடு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

பேயைப் பற்றிப் பேச இதைவிட நல்ல ஊர் கிடைக்காதுங்க. சூரனை வென்ற முருகன் வந்து அமர்ந்த மலை இது. பழந்தமிழில் ‘சூர்’ என்ற சொல்லுக்கே அச்சம் என்று பொருள் உண்டு. அச்சம் தருகிற தெய்வத்துக்கும் அதுதான் பெயர். அந்தச் சூரை வென்றவன் வாசலில் நின்றுகொண்டு எதிரணி என்ன வாதாடுகிறது? “அச்சமே பெரிது” என்று வாதாடுகிறது. மேலே 365 படி ஏறினால் ஒருத்தர் இருக்கிறார், அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இறங்கிப் போகும்போது பார்த்துப் போங்க! (சிரிப்பு)

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேய் இருக்கா இல்லையா என்பது இன்றைய வழக்கு இல்லை. அதை நடுவர் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம். பேய்க்கதை இருக்கிறது, அது சத்தியம். ஒரு கதை போதாது என்று நாலு கதை, ஆறு கதை, இருபத்தைந்து கதை என்று கோத்துக் கேட்டிருக்கிறோம். ஏட்டில் படித்தோம், பத்திரிகையில் படித்தோம், கொட்டகையில் பார்த்தோம், இப்போது கைப்பேசியில் போர்வைக்குள் பார்க்கிறோம். இந்த ஆசைக்குக் காரணம் என்ன? இதுதான் கேள்வி.

எதிரணித் தலைவி அம்மா அழகாகச் சொன்னாங்க. “குழந்தை கையால கண்ணைப் பொத்திக்கும், ஆனா விரல் இடுக்குல பார்க்கும். அந்தப் பயம்தான் ருசி”ன்னாங்க. அடுத்து வந்த தம்பி, “ராட்டினத்தில் ஏறி அலறுகிற மாதிரிதான் பேய்ப்படம். ஆபத்தில்லாத பயம், அதனால் சுகம்” என்றார். நல்ல வாதம்தான். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். பயம்தான் ருசி என்றால், அந்தப் பண்டம் சீக்கிரம் ஊசிப் போகுதே, ஏன்? போன வருஷம் பயந்த படத்துக்கு இந்த வருஷம் பயப்படுகிறோமா? அப்பா பயந்த படத்தைப் பிள்ளை பார்த்துச் சிரிக்கிறான். விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’ 1978-இல் வந்தது. தெலுங்குப் படம்தான், தமிழிலும் பேச வைத்து ஊர் ஊராக ஓடியது. அதில் பேய் அடுப்புக்குள் காலை நீட்டி விறகாக எரிக்கும். அன்றைக்குத் தாய்மார்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். இன்றைக்குப் பேத்தி கேட்கிறாள்: “பாட்டி, கேஸ் தீர்ந்துபோச்சா?” (பலத்த சிரிப்பு)

பயம் பழசாகிப் போச்சு. ஆனால் அந்தக் கதை பழசாகலை. அந்தப் பேய் யார்? ஏமாற்றப்பட்டு உயிர் விட்ட ஒரு பெண். தனக்கு நியாயம் கேட்டு வந்தவள். அந்த இடம் மட்டும் இன்றைக்கும் சுடுகிறது. என் கட்சி இதுதான் நடுவர் அவர்களே. பேய்க்கதை என்பது வழக்கு. கதைத் தொகுப்பு என்பது வழக்குப் பட்டியல். கேட்கிற நாம் தீர்ப்பாளர்கள். பயம் அந்த நீதிமன்றத்தின் வாசலில் நின்று “அமைதி, அமைதி” என்று கூவுகிற டவாலி. டவாலி சத்தம் போட்டால்தான் கூட்டம் அடங்கும். ஆனால் டவாலியைப் பார்க்கவா கோர்ட்டுக்குப் போகிறோம்? (கைதட்டல்)

வெறும் பேச்சு வேண்டாம், வரலாற்றுக்கு வருகிறேன்.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து நாற்சந்தியில் ஒரு பூதம் காவல் நிற்கிறது. சதுக்கப் பூதம் என்று பெயர். அது போகிற வருகிற எல்லாரையுமா பிடிக்கிறது? கிடையாது. போலித் துறவி, நம்பினவரைக் கெடுத்த அமைச்சன், பிறன் மனைவியை விரும்புகிறவன், பொய்ச்சாட்சி சொல்கிறவன், புறம் பேசுகிறவன் என்று ஆள் பார்த்துப் பிடித்துக் கயிற்றில் கட்டுகிறது. யோக்கியனுக்கு அந்தத் தெருவில் பயமே இல்லை. தமிழன் முதலில் படைத்த பூதத்துக்கே போலீஸ் உத்தியோகம் கொடுத்துவிட்டான்! புறம் பேசுகிறவரையும் அது பிடிக்கும் என்பதால், சாப்பாட்டு இடைவேளையில் எங்களைப் பற்றிப் பேசிய எதிரணி கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். (சிரிப்பு)

மணிமேகலையில் சார்ங்கலன் என்று ஒரு பையன். தனியாகச் சுடுகாட்டுப் பக்கம் போகிறான், பேயைப் பார்க்கிறான், ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். எதிரணி சொல்வது உண்மையானால் சாத்தனார் அங்கே முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். அவர் வைக்கவில்லையே! அந்தத் தாய் கோதமை பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் வழக்குத் தொடுக்கிறாள். “என் உயிரை எடுத்துக்கொள், என் பிள்ளையைக் கொடு” என்று வாதாடுகிறாள். பேய் வருகிற இடம் சின்னது. தாய் வாதாடுகிற இடம் பெரிது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது நம் கண்ணில் நீர் வருகிறதே, அது பயத்தால் வருகிற நீரா?

அடுத்தது வேதாளம். இந்த வேதாளத்தின் பரம்பரையைக் கேளுங்க. குணாட்டியர் என்ற புலவர் ‘பிருகத்கதை’ என்ற பெரிய கதைக் களஞ்சியத்தைப் பைசாச மொழியில் எழுதினார் என்பது மரபு. பேயின் பெயரைத் தாங்கிய மொழி! அரசன் அதை ஏற்க மறுத்துவிட்டான். புலவர் காட்டுக்குப் போய், ஒவ்வொரு ஏடாக மிருகங்களுக்குப் படித்துக் காட்டி நெருப்பில் போட்டார். மிருகங்கள் தீனி மறந்து கேட்டன. ஏழு லட்சம் பாட்டில் ஒரு லட்சம்தான் மிஞ்சியது என்பார்கள். அந்த மூல நூல் இன்று கிடைக்கவில்லை. அந்த மரபில் வந்ததுதான் நம் கொங்குவேளிர் பாடிய ‘பெருங்கதை’. அந்த மரபைச் சேர்ந்ததாகச் சொல்லி 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் செய்த நூல் ‘கதாசரித்சாகரம்’. வேதாளம் சொன்ன இருபத்தைந்து கதைகளும் அதற்குள் இருக்கின்றன. அரண்மனை வேண்டாம் என்று தள்ளிய கதை ஆயிரம் ஆண்டு கடந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது, பார்த்தீங்களா!

வடமொழிக் கதையில் வேதாளம் தொங்கிய மரம் வேறு. தமிழில் நாம் அதை முருங்கை மரம் ஆக்கிக்கொண்டோம். கதையை மட்டுமா வாங்கினோம்? கொல்லையில் ஒரு மரத்தையும் நட்டுச் சொந்தமாக்கிக்கொண்டோம். பிடிவாதக்காரனைப் பார்த்து “வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிடுச்சு” என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

அந்தக் கதையின் சட்டத்தைக் கவனியுங்கள். பிணத்துக்குள் இருக்கிற வேதாளம் தோளில் உட்கார்ந்து ஒரு கதை சொல்லும். கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். இதில் குற்றவாளி யார்? பெரியவன் யார்? இந்தப் பெண் யாருக்கு உரியவள்? விடை தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் மன்னன் தலை சிதறிவிடும். வாயைத் திறந்து சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி நடக்க வேண்டும், மறுபடி சுமக்க வேண்டும். பேசினால் வேலை கெடும், பேசாவிட்டால் தலை போகும். நேர்மையான அதிகாரி ஒருத்தர் ஒவ்வொரு நாளும் படுகிற பாடு இதுதானே! விக்கிரமாதித்தன் ஒவ்வொரு தடவையும் பேசினான். வேலை கெட்டாலும் பரவாயில்லை, நியாயம் தெரிந்தும் வாயை மூடமாட்டேன் என்று பேசினான். பிணம் நாறுகிற சுடுகாட்டுக் கதையை நம் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னதற்குக் காரணம் இந்த ஒரு பாடம்தாங்க. (கைதட்டல்)

கடைசிக் கேள்விக்கு மட்டும் மன்னன் பேசவில்லை. தாயும் மகளும் வழி தவறிப் போகிறார்கள். தகப்பனும் மகனும் காலடித் தடம் பார்த்துப் பின்தொடர்கிறார்கள். பெரிய பாதம் உள்ளவளை அப்பா கட்டுவது, சின்னப் பாதம் உள்ளவளை மகன் கட்டுவது என்று பேச்சு. கிட்டே போனால் பெரிய பாதம் மகளுக்கு, சின்னப் பாதம் தாய்க்கு! வாக்கை மாற்ற முடியாமல் அப்படியே கட்டினார்கள். பிறந்த பிள்ளைகள் ஒன்றுக்கொன்று என்ன முறை? மாமாவா, சித்தப்பாவா, பேரனா? விக்கிரமாதித்தனே வாயடைத்து நின்றான். நம்ம ஊர்க் கல்யாண வீட்டில் பத்திரிகை அடிக்கிறவர் நிற்பாரே, அந்த மாதிரி! (சிரிப்பு) உண்மையிலேயே தெரியவில்லை, அதனால் மௌனம் குற்றம் ஆகவில்லை. தெரியாதவன் சும்மா இருக்கலாம், தெரிந்தவன் சும்மா இருக்கக் கூடாது. பேய் சொன்ன சட்டம் இது.

நம் கலிங்கத்துப்பரணிக்கு வாருங்கள். முதற் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போரைச் செயங்கொண்டார் பாடுகிறார். அங்கே பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் மனுக் கொடுக்கின்றன. அந்தப் பகுதிக்குப் பெயரே ‘பேய் முறைப்பாடு’. போர் எப்படி நடந்தது என்று காளிக்குச் சொல்வதும் ஒரு கூளிப்பேய்தான். ராஜா ஜெயித்தார் என்று அரண்மனைக் கல்வெட்டு சொல்லும். அந்தக் களத்தில் எத்தனை உடல் கிடந்தது என்று சொல்ல பேய்தான் வர வேண்டியிருக்கிறது.

இனி நம் காலம். 1947 ஜூலையில் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்கரபாணியும் ‘சந்தமாமா’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா. பிறகு அதே கூட்டணி விஜயா நிறுவனத்தில் ‘பாதாள பைரவி’யையும் ‘மாயா பஜா’ரையும் எடுத்தது. அந்தப் பத்திரிகையில் வேதாளக் கதை தொடராக வந்தது. மூல நூலில் இருபத்தைந்துதான். அது தீர்ந்த பிறகும் வாசகர் விடவில்லை. புதுசு புதுசாக நூற்றுக்கணக்கில் கதை செய்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கேள்வி வைத்தார்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள் என்று ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் எத்தனை பேர் நெஞ்சில் பதிந்திருக்கிறது! அவர் 2020-இல் மறைந்தார். பத்திரிகையும் நின்றுபோயிற்று. படம் மட்டும் நிற்கவில்லை.

இந்தத் திருத்தணிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊர் ஆந்திரத்தோடு இருந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடித் தமிழகத்தோடு சேர்த்தார்கள். எல்லைக் கோடு மாறியது, பாட்டி கதை மாறலை. ஒரே தெருவில் இந்த வீட்டில் ‘வேதாளம் சொன்ன கதை’, எதிர் வீட்டில் ‘பேதாள கதலு’. எல்லை கமிஷன் வந்து மண்ணைப் பிரிக்கலாம். வேதாளத்தை எந்த மாநிலத்தில் சேர்ப்பது? அது இரண்டு பக்க மரத்திலும் தொங்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணித் தம்பி, “வெளிநாட்டுப் படங்களில் வெறும் திகில்தான்” என்றார். அங்கேயும் போய்ப் பார்த்துவிடலாம். பல பேய்க்கதைகளை ஒரே படத்தில் கோக்கிற முறைக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டுகிற ஆங்கிலப் படம் ‘டெட் ஆஃப் நைட்’. 1945 செப்டம்பரில் இங்கிலாந்தில் வந்தது. போர்க்காலத்தில் அந்த நாட்டில் பேய்ப்படம் எடுப்பது ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஒரு கிராமத்து வீட்டில் விருந்தினர் கூடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததைச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்து, “இதெல்லாம் உன் பிரமை” என்று குறுக்கு விசாரணை செய்கிறார். அதில் வருகிற எல்லாக் கதையிலும் நீதி இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டகத்தைப் பாருங்க. சாட்சிகள், குறுக்கு விசாரணை, கேட்டுக்கொண்டிருக்கிற சபை. ஆறு வருஷம் குண்டு மழையில் உறவுகளைப் பறிகொடுத்த ஜனங்கள், “நான் கண்டதைச் சொல்கிறேன், நம்புங்கள்” என்று பேசுகிறவர்களைப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

1961-இல் தாகூர் நூற்றாண்டு. சத்யஜித் ரே தாகூரின் மூன்று கதைகளைச் சேர்த்து ‘தீன் கன்யா’ எடுத்தார். நடுவில் வருகிற ‘மணிஹாரா’ பேய்க்கதை. நகை மேல் உயிரை வைத்த ஒரு மனைவி, செத்த பிறகும் நகைக்காக வருகிறாள். ஆற்றங்கரைப் படியில் ஒரு வாத்தியார், போர்வை போர்த்திய ஒருத்தரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசியில் பார்த்தால் கேட்டுக்கொண்டிருந்தவனே அந்தப் புருஷன்! “கதை எப்படி?” என்று கேட்கப் போனால் கேட்டவனைக் காணோம். யாருடைய வழக்கோ அவனிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். வாத்தியார்களுக்கு ஒரு பாடம்: வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். (சிரிப்பு)

1964-இல் ஜப்பானில் கோபயாஷி ‘குவைடான்’ எடுத்தார். நான்கு கதைகள். மறு வருஷம் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்ற படம். முதல் கதை என்ன? வறுமைக்குப் பயந்து, நெசவு நெய்து காப்பாற்றிய மனைவியைக் கைவிட்டு, பணக்கார வீட்டில் பெண் எடுத்துப் போகிறான் ஒரு வீரன். பல வருஷம் கழித்து மனம் வருந்தித் திரும்புகிறான். அவள் அதே அன்போடு வரவேற்கிறாள். காலையில் கண் விழித்தால் பக்கத்தில் எலும்புக்கூடும் கருங்கூந்தலும். இன்னொரு கதையில் கண் தெரியாத பாடகன் ஒருவனை, 1185-இல் கடற்போரில் மடிந்த ஒரு குலத்தின் ஆவிகள் இரவில் அழைத்துப் போகின்றன. எதற்கு? தாங்கள் செத்த கதையைத் தங்களுக்கே பாடிக் காட்டச் சொல்லி! கொல்வதற்கு அழைக்கவில்லை. “எங்கள் கதையைச் சொல், நாங்கள் கேட்கணும்” என்று அழைக்கின்றன. நம் பரணியில் கூளி சொன்னது போலவே, செத்தவருக்கு வேண்டியது ஒரு காது.

1972-இல் இங்கிலாந்தில் ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’. ஐந்து பேர் ஒரு நிலவறையில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருத்தர் இருந்துகொண்டு அவரவர் கதையைக் காட்டுகிறார். பார்வையற்றோர் விடுதிக்குப் புதிதாக வந்த நிர்வாகி, அவர்களுடைய சோற்றிலும் கணப்பிலும் மிச்சம் பிடித்துத் தான் நன்றாகச் சாப்பிடுகிறான். குளிரில் ஒருவர் இறக்கிறார். மற்றவர்கள் அவனுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. பெண்கள், பிள்ளைகள் இருக்கிற சபையில் அதை நான் சொல்லவில்லை. கடைசியில் அந்த ஐந்து பேரும் ஏற்கெனவே செத்தவர்கள், இது அவர்களுடைய விசாரணை என்று தெரிகிறது. நம்ம ஊரில் சித்திரகுப்தன் ஏடு என்போமே, அதைத்தான் சீமையில் கேமரா வைத்துப் பிடித்தார்கள்!

2003-இல் ராம் கோபால் வர்மா தயாரித்த இந்திப் படம் ‘டர்னா மனா ஹை’. காட்டில் வண்டி நின்றுபோக, நண்பர்கள் நெருப்பு மூட்டி ஆறு கதை சொல்கிறார்கள். 2018-இல் தமிழில் ‘6 அத்தியாயம்’. ஆறு இயக்குநர்கள், ஆறு கதைகள். முடிவுகளை மட்டும் தனியே நிறுத்திவைத்துக் கடைசியில் வரிசையாகக் காட்டினார்கள். வாதம் எல்லாம் முடிந்து ஒரே நாளில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி! 2020-இல் நான்கு இந்தி இயக்குநர்களின் ‘கோஸ்ட் ஸ்டோரீஸ்’ நேரே வீட்டுக்கே வந்துவிட்டது. இதற்கெல்லாம் நடுவில் 2017-இல் புஷ்கர்–காயத்ரி ‘விக்ரம் வேதா’ எடுத்தார்கள். அதில் பேயே கிடையாது. ரவுடி கதை சொல்கிறான், போலீஸ்காரர் கேட்கிறார், ஒவ்வொரு கதை முடிவிலும் ஒரு கேள்வி. எதிரணியைக் கேட்கிறேன்: பயமுறுத்த ஒரு பேய்கூட இல்லாமல் வேதாளக் கதை ஓடியதே, எதனால் ஓடியது? கேள்வியால் ஓடியது! (பலத்த கைதட்டல்)

“காஞ்சனா தனிக்கதை, அது வெறும் பயமும் சிரிப்பும்தானே” என்று அம்மா சொன்னாங்க. 2011-இல் வந்த அந்தப் படத்தில் ஒரு உடம்புக்குள் எத்தனை பேய்? ஒதுக்கப்பட்ட திருநங்கை ஒருத்தி, அவளை ஆதரித்த இஸ்லாமியப் பெரியவர், மனவளர்ச்சி குன்றிய அவர் மகன். நிலத்துக்காகக் கொல்லப்பட்ட மூன்று பேர். ஒரு உடம்பே ஒரு கதைத் தொகுப்பு! உயிரோடு இருக்கும்போது யாரைத் தெருவில் தள்ளி நிறுத்தினோமோ, அவர்கள் பேயாக வந்ததும் கொட்டகையே எழுந்து நின்று கைதட்டியது.

இப்போது என் கடைசிச் சாட்சியை அழைக்கிறேன். வெளியூரிலிருந்து வர வேண்டாம். இதே திருத்தணி வட்டத்துத் திருவாலங்காட்டுக்குப் பக்கத்துப் பழையனூர்க்காரி. பெயர் நீலி.

கதை உங்களுக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைக் கொன்றான். அவனை என்ன சாதி, என்ன தொழில் என்று ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள். கொன்றான் என்பதை மட்டும் யாரும் மாற்றவில்லை. அவள் பேயானாள். அவன் அடுத்த பிறவி எடுத்துப் பழையனூர் வழியே வந்தபோது, கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபையில் வந்து அழுதாள். “இவர் என் புருஷன், என்னை விட்டுட்டுப் போறார்.” அவன் கத்தினான்: “இவள் பெண் இல்லை, பேய்!” கள்ளிக் குழந்தை “அப்பா” என்று அவனிடம் தாவியது. எழுபது வேளாளர்கள் கூடிய சபை. “நீ இவளோடு போ. உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு” என்று வாக்குக் கொடுத்து, அவனுடைய காவல் கத்தியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீ மூட்டி இறங்கினார்கள். அவர்கள் நினைவாக அங்கே மண்டபம் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரே தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இந்தச் செய்தியைச் சுட்டிவிட்டுப் போகிறார். அவ்வளவு பழைய வழக்கு இது.

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? சமணப் புலவர் ஒருவர் இந்த நீலியை எடுத்து ‘நீலகேசி’ காப்பியம் பாடினார். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்று. ஒரு முனிவரைப் பயமுறுத்தப் போகிறாள் நீலி. அவர் பயப்படவில்லை. அவரிடம் அறம் கேட்டுத் திருந்துகிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். குண்டலகேசியில் தொடங்கி, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று வரிசையாக எதிர்கொண்டு வெல்கிறாள். ஆக, நடுவர் அவர்களே, தமிழ்நாட்டில் மேடை மேடையாகப் போய் ஜெயித்த பெரிய பட்டிமன்றப் பேச்சாளர் யார்? இந்தத் தாலுகாவைச் சேர்ந்த ஒரு பேய்! நாங்கள் எல்லாம் அவள் வாரிசு! (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

சிரித்துவிட்டீர்கள். இனி நான் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

காப்பியம் நீலிக்கு அறிவைக் கொடுத்தது. நாம் அவளுக்கு என்ன கொடுத்தோம்? ‘நீலிக் கண்ணீர்’ என்று ஒரு சொல் கொடுத்தோம். பெண் அழுதால் நடிப்பு என்பதற்கு ஒரு முத்திரை. நீலி இரண்டு தடவை அழுதாள். சபையில் அழுதது இரண்டாவது கண்ணீர், வேஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் கண்ணீர் எது? கட்டினவன் கொல்ல வரும்போது அழுதாளே, அது! அதைக் கேட்க எந்தச் சபையும் கூடவில்லை, எழுபது பேர் வேண்டாம், ஏழு பேர்கூட இல்லை. பொய்க் கண்ணீருக்குப் பழமொழி இருக்கிறது, மெய்க் கண்ணீருக்கு ஒன்றையும் காணோம். உயிரோடு இருந்தபோது அவள் பேச்சை யாராவது ஒருவர் கேட்டிருந்தால், அவள் பேயாகியிருக்க வேண்டாம். அவனும் பிழைத்திருப்பான், அந்த எழுபது குடும்பமும் பிழைத்திருக்கும்.

இது பழங்கதையா? “ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு” என்று எத்தனை வருஷம் பேப்பரில் படித்தோம்! மாமியார் சமைக்கும்போது வெடிக்காத ஸ்டவ் மருமகள் பற்ற வைத்தால் மட்டும் வெடித்தது. 1983-இல் மனைவியைக் கொடுமைப்படுத்துவது தனிக் குற்றம் என்று சட்டம் வந்தது. 1986-இல் வரதட்சணைச் சாவுக்கென்றே சட்டம் வந்தது. கல்யாணமான 7 ஆண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறாகச் செத்து, அதற்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், புகுந்த வீடுதான் பதில் சொல்ல வேண்டும். 2024-இல் சட்டப் புத்தகத்தின் பெயர் மாறியது, பிரிவு எண் மாறியது, இந்த விதி அப்படியே இருக்கிறது. செத்தவள் வாய் பேசமாட்டாள் என்ற தைரியத்தில் செய்த குற்றத்துக்கு, செத்தவள் சார்பில் சட்டம் கேட்கிற கேள்வி அது. வேதாளம் கேட்ட அதே கேள்வி! ஆனால் சட்டம் செத்த பிறகுதான் வரும். தாய் தகப்பன் அதற்கு முன்னால் வரலாம்.

அதனால் தாய்மார்களே, பெரியவர்களே! கட்டிக்கொடுத்த மகள் ராத்திரி போன் பண்ணி அழுதால், “நாலு வீட்டில் நடக்கிறதுதான், அனுசரித்துப் போ” என்று வைத்துவிடாதீர்கள். ‘நீலிக் கண்ணீர்’ என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், “எந்தக் கண்ணீர், முதலாவதா இரண்டாவதா?” என்று திருப்பிக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறோமே, அங்கே நம் தோளில் வேதாளம் உட்கார்ந்திருக்கிறது. தெரிந்தும் பேசாதவன் தலை வெடிக்கும் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கிறது. (கைதட்டல்)

அதே ஆலங்காட்டில் இன்னொரு பெண்ணும் பேய் வடிவில் இருந்தாள். காரைக்கால் அம்மையார். கணவன் விட்டு விலகினான். இந்த உடம்பு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று இறைவனிடம் கேட்டு வாங்கி, அந்தக் காட்டில் ஆடுகிறவன் திருவடியில் இருந்து பாடினாள். கோபத்தால் பேயானவளும் அங்கே, அன்பால் பேயானவளும் அங்கே. ஒருத்திக்குத் தீக்குழி எரிந்தது, இன்னொருத்திக்குத் தேவாரத்துக்கு முந்திய தமிழ் பிறந்தது. இரண்டு பேரையும் ஞாபகம் வைத்திருக்கிற மண் இது. வெறும் பயம் என்றால் இத்தனை நூற்றாண்டு ஞாபகம் நிற்குமா?

நடுவர் அவர்களே! சஷ்டிக்கு முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். இந்தத் தணிகையில் நடப்பதில்லை. இங்கே பூவால் அருச்சிக்கிறார்கள். கோபம் தணிந்த இடத்தில் வேலுக்கு வேலை கிடையாது. பேய்க்கதையும் அப்படித்தான் முடியும். கேட்காத குறையைக் கேட்டுவிட்டால் வேதாளம் இறங்கிவிடும், நீலி தணிந்துவிடுவாள். காலம் காலமாக நாம் அந்தக் கதைகளுக்கு முன்னால் போய் உட்காருவது, யாரோ ஒருத்தர் குறை கேட்கப்படுகிறது என்ற ஆறுதலுக்காக. ஆகவே, அச்சம் வாசலில் நிற்கிறது, உள்ளே அமர்ந்திருப்பது அறமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமைகிறேன். தீர்ப்பு உங்கள் கையில். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். தலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்! (பலத்த கைதட்டல்)